நாலாவது கியரில் அக்கா

அக்காவின் காரில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் ஐந்து மாதத்தில் மூன்றாவது முறையாகக் கிழிந்தது. முதல் முறை, வயசாகிவிட்டது என்று மாற்றினேன். இரண்டாவது முறை, போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் என்று உதிரிபாகக் கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூன்றாவது முறை திட்ட ஆளில்லை. அந்த ரப்பரை நானே கிடங்கில் போய் நின்று, பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்கி வந்திருந்தேன்.

நான் பதினெட்டு வருடமாகக் கார் மெக்கானிக்காகக் குப்பை கொட்டுகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் காரணம் புரியாத பழுது ஒன்று வந்துவிட்டால் கோபம் போன இடம் தெரியாது, சோறு தண்ணி மறந்து போகும். அன்று மூன்று ரப்பர்களையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். மூன்றும் ஒரே பக்கம், ஒரே மாதிரி பிய்ந்திருந்தன. யாரோ அந்த இன்ஜினை ஓயாமல் உலுக்கியிருக்கிறார்கள்.

அக்கா வீடு வீடாகப் போகிற நர்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள், புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியவர்கள், பிறந்து பத்து நாள் ஆன குழந்தைகள் என்று ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. சொந்த வண்டி இருந்தால்தான் அந்தச் சுற்று கிடைக்கும். வண்டி நின்றுபோனதால் இரண்டு நாள் பாதி வீடுகளுக்கு அவளால் போக முடியவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் சுற்றை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவளை ஆபீசில் ஃபைல் அடுக்க உட்கார வைத்துவிடுவேன் என்று மேற்பார்வையாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா சாப்பிடுவதையே நின்றுகொண்டு சாப்பிடுகிறவள். அந்தச் சுற்று போனால் அவள் பாதி ஆளாகிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

"என்னடி, எப்ப தருவே?" பட்டறை வாசலில் நின்று கேட்டாள்.

நான் காருக்கு அடியில் கிடந்தேன். "நீ தண்ணித் தொட்டி மேட்டுல எந்த கியர்ல ஏறுறே?"

பதில் இல்லை. அக்காவிடம் நான் எதைக் கேட்டாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். சின்ன வயதிலிருந்தே என் பேச்சுக்கு அவளிடம் மரியாதை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்து, எழுந்து, அவள் முகத்துக்கு நேராக நின்று மறுபடி கேட்டேன்.

"நாலுலதான்," என்றாள், ஏதோ பெருமை போல.

"அந்த மேட்டுல நாலா? எந்தப் புண்ணியவான் சொல்லிக் குடுத்தது?"

"உன் மாமாதான். பெரிய கியர்ல போனா பெட்ரோல் மிச்சம்னு சொல்வாரே."

ஆக, குற்றவாளி கிடைத்துவிட்டார். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், நூலகத்தில் வேலை பார்க்கிறவர். வேலை பார்க்கும் இடத்தின் பழக்கமோ என்னவோ, வீட்டிலும் வாயைத் திறந்தால் பக்கத்தில் யாராவது படித்துக்கொண்டிருப்பது போலத்தான் பேசுவார். நான்காவது ரப்பரை மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற ஆசை.

மாமா சமதளத்தில் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரைப் போட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், ஒரு நடுக்கம்கூட இல்லை. அவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கவில்லை, அதன்மேல் காலைச் சும்மா வைத்திருந்தார். இன்ஜின் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, யாரையும் குறை சொல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி மேடு வந்தது. கால் பங்கு ஏறியதும் மாமா மூன்றுக்கு வந்தார், உடனே இரண்டுக்கு வந்தார், வண்டி சுகமாக ஏறியது.

"ஏன் மாமா மாத்துனீங்க? பெரிய கியர்னா மிச்சமாச்சே?"

"மேட்டுல எப்படிம்மா? அதான் முக்குதுல்ல. கேக்கலையா உனக்கு?"

கேட்டது. அந்தச் சத்தம் கேட்காமல் இருந்தால் நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை. ஆனால் எனக்கு இப்போது குழப்பம் கூடிவிட்டது. அதே வண்டி, அதே மேடு, அதே பெட்ரோல் சிக்கனம். இவர் ஓட்டினால் இன்ஜின் தூங்குகிறது, அக்கா ஓட்டினால் ரப்பரைப் பிய்க்கிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதில் தப்பில்லை என்பது மட்டும் நிச்சயமானது. இத்தனை வருடம் நானே வாடிக்கையாளர்களிடம் "கம்மி சுத்துல ஓட்டாதீங்க, இன்ஜின் போயிடும்" என்று பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்தியிருக்கிறேன். மாமாவின் பாதம் என் வாயை அடைத்துவிட்டது. அன்று முழுக்க அதே யோசனைதான்.

திங்கட்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு அக்காவோடு சுற்றுக்குக் கிளம்பினேன். துணைக்கு வருகிறேன் என்று சொன்னேன். "உனக்கு வேலை வெட்டி இல்லையா?" என்றாள், ஆனால் முன் இருக்கையில் இருந்த மருந்துப் பையை எடுத்துப் பின்னால் வைத்தாள்.

முதல் இரண்டு வீடும் சமதளத்தில். ஓட்டுவதில் சொல்லும்படியான குறை எதுவும் இல்லை. கியரை மட்டும் அவசரமாக ஏற்றினாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று, யாரோ துரத்துவது போல. வண்டி பழையது. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற முள் அதில் கிடையாது. ஓட்டுகிறவர் காதுதான் முள்.

மூன்றாவது வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏற வேண்டும். அக்கா ஒரு நோயாளியின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். கால் ஒடிந்து கிடக்கும் தையல்காரர் ஒருவர், படுத்துக்கொண்டே மருமகளுக்கு ரவிக்கை வெட்டக் கற்றுக்கொடுக்கிறாராம். மேடு ஆரம்பித்தது. அவள் கியரைக் குறைக்கவில்லை. வேகம் குறையக் குறைய ஆக்சிலரேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தாள். இன்ஜின் முதலில் முனகியது. பிறகு தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல உள்ளே தட்ட ஆரம்பித்தது. டாஷ்போர்டு மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது. என் மடியில் இருந்த பாட்டில் தண்ணீர் துள்ளியது. எனக்குப் பல் கூசியது. அக்கா அதே குரலில், அதே நிதானத்தில், மருமகள் கழுத்தைக் கோணலாக வெட்டிவிட்ட கட்டத்துக்கு வந்திருந்தாள்.

"அக்கா, கியரைக் குறை," என்றேன், என் பக்கத்துச் சன்னலைப் பார்த்தபடி. அவள் முகத்தைப் பார்த்தால் கத்திவிடுவேன் என்று பயம்.

கதை தொடர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னை அலட்சியம் செய்யும்போது அவளுடைய இடது புருவம் கொஞ்சம் ஏறும். நாற்பது வருடமாக அந்தப் புருவத்தோடு சண்டை போட்டவள் நான். அது ஏறவில்லை. முகம் பச்சைக் குழந்தை முகம் மாதிரி இருந்தது. எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. மறுபடி சன்னல் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில் சொன்னேன்:

"அக்கா, மாமாவைப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன். நல்ல கனம்."

"ம்ம். அதான் நல்லது," என்றாள்.

சிரிப்பு தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. கையைக் காட்டி ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள், கைப்பிரேக்கை இழுத்தாள், என்ன என்று என்னைப் பார்த்தாள். நான் குரலே கொடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். "எத்தனை நாளா?"

"ஆறு மாசமா இருக்கும்," என்றாள் பட்டென்று. "என்ன எத்தனை நாளா? நீ எதைக் கேக்குறே?"

"அக்கா, நான் இப்ப பேசவே இல்ல. வாயை மட்டும் அசைச்சேன்."

அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தது, ஆனால் பிடியை விடவில்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. செவிடன், சங்கு என்று எத்தனை தடவை அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பேன். ஒரு பழைய இன்ஜினின் சின்ன உள்சத்தத்தைக் கண்டுபிடிக்கிற காது எனக்கு. கூடப் பிறந்தவளுக்குக் காது போனதை ஒரு கிழிந்த ரப்பர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு அவளே சொன்னாள். ஒருநாள் சிக்னலிலிருந்து கிளம்பி முதல் கியரிலேயே வெகுதூரம் போயிருக்கிறாள். இன்ஜின் அலறியிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார். ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"அன்னைலருந்து சீக்கிரமா மேல போட்டுடுவேன். பெரிய கியர்ல இருந்தா சத்தம் வராதுல்ல? யாரும் பாக்க மாட்டாங்க. மாமா சொன்ன பெட்ரோல் கதையும் வசதியா இருந்துச்சு."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவர் என்னைக்குச் சத்தமா பேசினார்? எனக்குக் கேக்காததும் அவர் பேசாததும் ஒண்ணாயிடுச்சு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

"சரி, ரப்பர் ஏன் கிழியுதுன்னு சொல்லு," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மெதுவா போனா வண்டிக்கு நல்லதுன்னுதானே நெனச்சேன்."

அவள் பார்க்கும்படி நேராக உட்கார்ந்து சொன்னேன். "மெதுவா சுத்துறது தப்பே இல்ல. மாமாவும் அப்படித்தான் ஓட்டுறார். அது மெதுவா சுத்தும்போது நீ அதை மிதிச்சு பாரம் தூக்கச் சொல்றேல்ல, அங்கதான் வினை. சமதளத்துல காலை லேசா வச்சுக்கிட்டு நாலுல போ, யாரு வேண்டாம்னா? மிதிக்கணும்னு தோணுச்சுன்னா முதல்ல கியரைக் குறை, அப்புறம் மிதி."

அவள் யோசித்தாள். "படுத்திருக்கிற நோயாளி மெதுவா மூச்சு விடலாம். அவரையே அப்படியே எழுப்பி மாடி ஏறச் சொல்லக்கூடாது."

"அதேதான்."

"இதை அப்பவே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?"

இன்ஜின் முக்குவதைக் காதில்லாமல் கேட்பது எப்படி என்பதுதான் அடுத்த கேள்வி. அவளுக்கு நர்ஸ் புத்தி, எனக்கு மெக்கானிக் புத்தி. இரண்டு பேருக்கும் திடீரென்று ஆர்வம் பற்றிக்கொண்டது. அவளுடைய ஷூவின் அடிப்பாகம் இரண்டு விரல் தடிமன். கழற்றச் சொன்னேன். வெறுங்காலை மிதியில் வைத்தாள், இடது கையை கியர் குச்சியின் மேல் லேசாக வைத்தாள். மேட்டின் அடிவாரத்துக்குத் திரும்பி, அங்கிருந்து ஏறினோம். நாலாவது கியர். வேகம் இறங்கியது.

"இப்ப என்ன தெரியுது?"

"இரு." ஓரக்கண்ணால் என் உதட்டைப் பார்த்துவிட்டு, சாலைக்குத் திரும்பிச் சொன்னாள். "குச்சி ஆடுது. உக்காந்திருக்கிற இடத்துல ஒரு நடுக்கம். காய்ச்சல் நடுக்கம் இல்ல. மூட்டை தூக்குறவன் கை நடுங்குமே, அது மாதிரி."

"அது வந்தா?" கியர் குச்சியைக் காட்டிக் கேட்டேன்.

மூன்றுக்கு வந்தாள். நடுக்கம் நின்றது. பாதி மேட்டில் மறுபடி வந்தது. இரண்டுக்கு வந்தாள். வண்டி முனகாமல் ஏறியது. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. மறுபடி இறங்கினோம், மறுபடி ஏறினோம். மூன்றாவது தடவை, தட்டல் வருமா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் கியரைக் குறைத்துவிட்டாள். என் காதை அவள் பாதம் முந்திக்கொண்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மேட்டின் உச்சியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிறுத்தினாள். "பாத்தியா? இனிமே ரப்பர் கிழியாது. வண்டி நிக்காது. சுத்து என்கிட்டயே இருக்கும்," என்றாள். "சமாளிச்சுடலாம்டி."

நானும் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். பின் இருக்கையில் இருந்த பையின் வாயிலிருந்து ஸ்டெதஸ்கோப்பின் குழாய் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டாத கேள்விதான். கேட்டுவிட்டேன்.

"வண்டியைச் சமாளிச்சுடலாம் அக்கா. குழந்தை நெஞ்சை எப்படிக் கேக்குறே?"

அவள் என் உதட்டைப் படித்தாள் என்பது தெரிந்தது. ஆனாலும் படிக்காதது போல ஷூவைத் தேடி எடுத்து மாட்ட ஆரம்பித்தாள். ஒரு ஷூவை மாட்டினாள். இன்னொன்று கையிலேயே இருந்தது.

"பெரியவங்களுக்கு ரத்த அழுத்தம் பாக்க மெஷின் இருக்கு, நம்பர் காட்டிடும். குழந்தைங்களுக்கு மூச்சைக் கண்ணால எண்ணிடுவேன், நெஞ்சுல கை வச்சா துடிப்பு தெரியும். அழுதா வாயைப் பாத்துத் தெரிஞ்சுக்குவேன்." நிறுத்தினாள். "உள்ள சளிச் சத்தம் இருக்கான்னு மட்டும் காதாலதான் கேக்கணும். ரெண்டு மாசமா எனக்கு அது கேக்கல. குழாயை வச்சு, கொஞ்ச நேரம் கேக்குற மாதிரி இருந்துட்டு, 'சரி'ன்னு எழுதிட்டு வந்துடுறேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அவள் கையில் அந்த ஒற்றை ஷூ ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எதைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"ஒவ்வொரு வீட்டுலயும் கதவைச் சாத்திட்டு வெளிய வரும்போது நெனச்சுக்குவேன்," என்றாள். "நாளைக்குச் சொல்லிடணும், நாளைக்குச் சொல்லிடணும்னு. சொன்னா சுத்து போயிடும். ஒரு நாள் ஒத்திப் போட்டேன், அது ரெண்டு மாசம் ஆயிடுச்சு."

என் வாயிலிருந்து வராத வார்த்தைக்காக அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு போனை எடுத்து மேற்பார்வையாளரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"நான் பேசுறேன். போன்ல எனக்கு ஒண்ணும் புரியாது. அவங்க சொல்றதை நீ அப்படியே சொல்லு. கூட்டாதே, குறைக்காதே."

தன் பெயரைச் சொன்னாள். காதைப் பற்றிச் சொன்னாள். ஸ்டெதஸ்கோப்பைப் பற்றி, 'சரி' என்று எழுதியதைப் பற்றி, எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை குழந்தைங்கன்னு கேக்குறாங்க."

"இருபத்து மூணு," என்றாள் அக்கா. எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கு எப்போதும் அவள் நாக்கிலேயே இருந்திருக்கிறது.

மேற்பார்வையாளர் அடுத்துச் சொன்னதை நான் விழுங்கப் பார்த்தேன். ஒரு வரிதான். அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனால் அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?

"முழுசா சொல்லு," என்றாள் அக்கா. "நீ வாயை மூடிக்கிட்டா எனக்கு உலகமே மூடிக்கும்."

"இவ்வளவு வருஷம் வேலை பாத்தவங்க இப்படிச் செய்யலாமா, ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க."

"நான்தான்னு சொல்லு." பிறகு தானே போனைப் பார்த்து, "நான்தாங்க பதில் சொல்லணும்," என்றாள்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். அதையும் அவளிடம் சொன்னேன். பிறகு தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு துண்டாகச் சொன்னேன். நாளையிலிருந்து அந்த இருபத்து மூன்று குழந்தைகளையும் திரும்பப் பார்க்க வேண்டும். அக்கா யார் நெஞ்சிலும் குழாய் வைக்கக் கூடாது. காது டாக்டர் பார்த்து, மெஷின் வைத்து, கேட்கிறது என்று எழுதிக் கொடுக்கும்வரை சுற்று கிடையாது. அதற்குப் பிறகும் கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது. என் குரல் பாதியில் உடைந்தது. குரல் உடைந்தால் பரவாயில்லை, உதடு மட்டும் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"குழந்தைங்களைப் பாக்க வேற நர்ஸ் வருவாங்களாம். அவங்களுக்கு வண்டி இல்லையாம். வீடுகளும் தெரியாதாம்." மூச்சு வாங்கினேன். "உங்க வண்டி ஓடுமான்னு கேக்குறாங்க."

அக்கா கையிலிருந்த ஷூவைக் கீழே போட்டாள். மாட்டியிருந்ததையும் கழற்றினாள்.

"ஓடும்," என்றாள் போனிடம். "நான் ஓட்டுறேன். இருபத்து மூணு வீட்டுலயும் நானே முதல்ல இறங்கிக் கதவைத் தட்டி, எதுக்குத் திரும்ப வந்திருக்கோம்னு நானே சொல்றேன்."

மறுமுனை வெகுநேரம் அமைதியாக இருந்தது. அக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பிறகு மேற்பார்வையாளர், "காலையில ஏழு மணி," என்றார்.

"காலையில ஏழு மணி," என்றேன் அக்காவிடம்.